அடுத்த குழந்தையின் அழுகையைக் காட்டித் தருவது யார்?

மூன்று வயதுக் குழந்தையொன்று, தன்னைவிடச் சிறிய குழந்தையின் கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கிக்கொள்கிறது. சிறியது வீறிட்டு அழுகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர் அடுத்த பத்து வினாடிகளில் செய்யக்கூடியவை அதிகமில்லை. முதுகில் ஓர் அடி வைக்கலாம். 'உன்னோடு பேசமாட்டேன், போ' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பொம்மையை வாங்கி உரியவரிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். அல்லது குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, 'அவன் அழுகிறான் பார், நீ பிடுங்கியதால்தான் அழுகிறான், இப்போது என்ன செய்யலாம்?' என்று கேட்கலாம். பெற்றோரின் வளர்ப்புக்கும் பிள்ளைகள் பிறரிடம் காட்டும் பரிவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில் கணிசமான பகுதி, இந்தப் பத்து வினாடிகளைச் சுற்றியே நிற்கிறது. அந்தப் பெரியவர் தாயாக இருந்தால் ஒரு விளைவும் தந்தையாக இருந்தால் வேறு விளைவும் உண்டா என்பது மிகவும் தாமதமாகக் கேட்கப்பட்ட கேள்வி. அதைக் கேட்ட விதத்திலும் நெடுங்காலம் ஒரு கோணல் இருந்தது.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் 1960களில், பெற்றோர் பிள்ளைகளைத் திருத்தும் வழிகளை மூன்றாகப் பிரித்தார். அடி, அதட்டல், பறிமுதல் என்று அதிகாரத்தைக் காட்டி அடக்குவது ஒன்று. பேசாமல் இருப்பது, ஏமாற்றத்தைக் காட்டி ஒதுக்குவது என்று அன்பை விலக்கிக்கொள்வது இரண்டாவது. செய்த செயல் அடுத்தவரை என்ன செய்தது என்று விளக்கிச் சொல்வது மூன்றாவது. பிறர் நிலையை எண்ணிப் பார்ப்பது, தவறு செய்தபின் தானாக வருந்துவது போன்ற பண்புகளோடு ஒத்துச் சென்றது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழிதான். அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, அடிவாங்கிய குழந்தையின் கவனம் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். அது தன் முதுகையும், அடித்தவரின் முகத்தையும், அடுத்த முறை அகப்படாமல் இருப்பது எப்படி என்பதையும் நினைக்கிறது. அன்பு விலக்கப்பட்ட குழந்தை, தன்னை மறுபடி ஏற்றுக்கொள்வார்களா என்று தவிக்கிறது. இரண்டிலும் அழுதுகொண்டிருக்கும் மற்றக் குழந்தை காட்சியிலிருந்தே மறைந்துவிடுகிறது. விளக்கிச் சொல்லும்போது மட்டுமே கவனம் அந்த அழுகையின்மேல் விழுகிறது.

ஆனால் விளக்குவது என்றதும் பலரும் நினைத்துக்கொள்வது, குரலை உயர்த்தாமல், நியாயத்தை அடுக்கி, பாடம் நடத்துவதைப் போலப் பேசுவதை. 1979ல் கரோலின் சான்-வாக்ஸ்லரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தைக் கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது. ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான குழந்தைகளின் தாய்மார்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டில் யாராவது வருந்தும்போதோ வலியில் இருக்கும்போதோ குழந்தை என்ன செய்தது, தாம் என்ன சொன்னோம் என்பதை உடனுக்குடன் ஒலிப்பதிவு செய்யச் சொன்னார்கள். தான் நோகச் செய்தவரைத் தேற்றவும், தனக்குச் சம்பந்தமே இல்லாத அழுகைக்கு ஓடிப்போய் உதவவும் முன்வந்த குழந்தைகளின் தாய்மார்கள், வெறும் விளக்கம் தந்தவர்கள் அல்லர். குரலில் உணர்ச்சி தெரிய, 'பார், அவளுக்கு வலிக்கிறது, கடிக்கக் கூடாது' என்று அழுத்தமாகச் சொன்னவர்கள். உணர்ச்சியற்ற தட்டையான விளக்கத்துக்கு அந்த வலு இருக்கவில்லை. ஹாஃப்மனின் கருத்தும் இதுதான்: குழந்தை நின்று காதுகொடுக்கும் அளவுக்கு அழுத்தம் வேண்டும், பயத்தில் காது அடைத்துப்போகும் அளவுக்குக் கூடாது. கோபமே கூடாது என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் இன்றைய கட்டுரைகள் பலவும் இந்த நுட்பத்தைத் தவறவிடுகின்றன என்பது என் எண்ணம்.

அன்பாக இருந்தால் பிள்ளையும் அன்பாக வளரும் என்பது பாதி உண்மை. டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரை வகைப்படுத்தியபோது, கண்டிப்பு மட்டுமே காட்டுவோர், எதையும் விட்டுக்கொடுப்போர் ஆகிய இரு சாராரிடமிருந்தும், அரவணைப்போடு எதிர்பார்ப்பையும் உறுதியாக வைப்போரைப் பிரித்துக் காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தாலும் பரிவோடு ஒத்துப்போவது இந்தக் கடைசி வகைதான். அடக்குமுறை வளர்ப்பு எதிர்த்திசையில் நிற்கிறது. அரவணைப்பு செய்யும் வேலை, சொல்லப்படும் செய்தியைக் குழந்தை ஏற்றுக்கொள்ளத் தயாராக்குவது. ஜோன் க்ரூசெக்கும் ஜாக்குலின் குட்னோவும் 1994ல் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்கள்: பெற்றோர் சொல்வதைக் குழந்தை சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று, புரிந்ததை ஏற்க வேண்டும் என்பது இன்னொன்று. புரிய வைக்கத் தெளிவு வேண்டும். ஏற்க வைப்பது, சொல்பவரோடு குழந்தைக்கு இருக்கும் உறவு.

அரவணைப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. இது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. அடுத்தவர் துன்பத்தைக் கண்டதும் எல்லாக் குழந்தைகளும் கலங்குகின்றன, ஆனால் எல்லாக் கலக்கமும் உதவியாக மாறுவதில்லை. நான்சி ஐசன்பெர்க் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டின. ஒன்று பரிவு: கவனம் துன்பப்படுபவர்மேல் நிற்கும், இதயத் துடிப்பு சற்றுத் தணியும், கை உதவிக்கு நீளும். மற்றது தன் தவிப்பு: துடிப்பு ஏறும், குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும், அந்த இடத்தை விட்டு ஓடப்பார்க்கும். ஓடும் குழந்தையைக் கல்நெஞ்சம் என்று திட்டுவது பெரிய அநியாயம், ஏனென்றால் அது உணராததால் ஓடவில்லை, உணர்ச்சி தாங்காமல் ஓடுகிறது. தன் அழுகையையும் பயத்தையும் பெற்றோர் பொறுமையாகக் கேட்டுத் தணித்த அனுபவம் உள்ள குழந்தைக்கு, அடுத்தவர் அழுகையின் முன் நிலைகுலையாமல் நிற்பது எளிதாகிறது. 'ஆண்பிள்ளை அழலாமா' என்று வாயடைக்கப்பட்ட சிறுவனுக்கு அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

உதவும் விருப்பத்தைப் பெற்றோர்தான் உள்ளே ஊட்டுகிறார்கள் என்பதும் முழுச் சரியில்லை. 2006ல் ஃபீலிக்ஸ் வார்னகெனும் மைக்கேல் டோமசெல்லோவும் நடத்திய சோதனையில், துணி உலர்த்தும்போது கிளிப் கீழே விழுந்து எட்டாமல் தவித்த முன்பின் அறியாத பெரியவருக்கு, 18 மாதக் குழந்தைகள் கேட்காமலேயே எழுந்துபோய் அதை எடுத்துக் கொடுத்தன. வேண்டுமென்றே தூக்கிப்போட்டபோது அப்படி எடுத்துத் தரவில்லை. அதே இருவர் 2008ல் செய்த அடுத்த சோதனையில், உதவியதற்குப் பரிசுப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. வீட்டில் ஒவ்வொரு நல்ல செயலுக்கும் பரிசும் ஒட்டுப்படமும் கொடுக்கும் பழக்கத்தை ஒருமுறை யோசித்துப் பார்க்க இது போதுமான காரணம்.

இதைவிட என்னை நெருக்கமாகத் தொட்டது, பழைய ஆய்வொன்றின் ஓரக்குறிப்பு. 1982ல் ஹாரியட் ரைன்கோல்ட், ஆய்வுக்கூடத்தை வீடு போலவே அமைத்து, பெருக்குவது, துடைப்பது, துணி மடிப்பது போன்ற வேலைகளைப் பெற்றோரைச் செய்யச் சொன்னார். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளில் பெரும்பாலானவை யாரும் சொல்லாமலேயே வேலையில் சேர்ந்துகொண்டன, அதுவும் உற்சாகமாக. பெற்றோரிடம் வீட்டு நிலவரத்தைக் கேட்டபோது, குழந்தை குறுக்கே வந்து வேலையைக் கெடுக்கும் என்பதால் அது தூங்கும் நேரமாகப் பார்த்து வேலையை முடித்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு விடமறுக்கும் குழந்தை, பெருக்கிய குப்பையையே மறுபடி கலைத்து, பத்து நிமிட வேலையை அரைமணி நேரமாக்கும். நானும் அந்தத் துடைப்பத்தைப் பலமுறை பிடுங்கி வைத்தவன்தான். அன்று மிச்சமான இருபது நிமிடங்களை என்ன செய்தேன் என்று நினைவில்லை. ஆறு பண்பாடுகளில் குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து பீட்ரிஸ் வைட்டிங்கும் ஜான் வைட்டிங்கும் 1975ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டு வேலையிலும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதிலும் உண்மையான பொறுப்பு பெற்ற பிள்ளைகளிடம் பிறரைப் பேணும் நடத்தை அதிகம் இருந்ததைக் காட்டியது. பாசாங்கான வேலையால் அது வந்துவிடாது. தான் செய்யாவிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று நின்றுபோகும் என்ற நிலை வேண்டும்.

இனி தாய், தந்தை என்ற கேள்வி. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்ற பழமொழியில் தந்தை எங்குமே இல்லை. 20ஆம் நூற்றாண்டின் ஆய்வுகளும் அநேகமாக அந்தப் பழமொழியைப் போலவே நடந்துகொண்டன. பேட்டி கண்டது தாயை, வினாத்தாள் கொடுத்தது தாய்க்கு, ஆய்வுக்கூடத்தில் குழந்தையோடு உட்கார்ந்தது தாய். மேலே சொன்ன 1979 ஆய்விலும் குறிப்பெடுத்தவர்கள் தாய்மார்களே. 1975ல் மைக்கேல் லாம்ப், குழந்தை வளர்ச்சியில் மறக்கப்பட்ட பங்காளிகள் என்று தந்தையரைக் குறிப்பிட்டு எழுத வேண்டிய நிலைதான் இருந்தது. தந்தையரைச் சேர்த்துக்கொண்ட ஹாஃப்மனின் 1967 ஆய்வில்கூட, தாயின் கண்டிப்பு முறைகளுக்கும் பிள்ளையின் ஒழுக்க வளர்ச்சிக்கும் தெரிந்த அளவுக்குத் தந்தையின் முறைகளுக்குத் தொடர்பு தெரியவில்லை. தந்தைக்குச் செல்வாக்கு இல்லை என்று இதைப் படிப்பவர்கள், அந்தக் காலத் தந்தை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குழந்தையோடு இருந்தார் என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டில் இல்லாத நேரத்தில் எந்த வளர்ப்பு முறையும் வேலை செய்யாது.

பிறகு வந்த ஒரு முடிவு பலரையும் வியக்க வைத்தது. 1951ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில், ஐந்து வயதுப் பிள்ளைகளின் தாய்மார்களை விரிவாகப் பேட்டி கண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை 26 ஆண்டுகள் கழித்து, அவர்கள் 31 வயதில் இருந்தபோது, மறுபடி ஆராய்ந்தார்கள். ரிச்சர்ட் கோஸ்ட்னரும் சக ஆய்வாளர்களும் 1990ல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, வளர்ந்தபின் பிறர்மீது காட்டிய பரிவை முன்னறிவித்தவற்றுள் முதலிடத்தில் இருந்தது, குழந்தையின் ஐந்தாவது வயதில் தந்தை அதன் அன்றாடப் பராமரிப்பில் எவ்வளவு பங்கெடுத்தார் என்பது. தாயின் நடத்தைகள் சிலவும் பட்டியலில் இருந்தன, ஆனால் அதற்குக் கீழேதான். இதைக் கேட்டதும் தந்தையே முதன்மை என்று முழங்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆராயப்பட்டவர்கள் சிலரே, தந்தையின் பங்கும் தாயின் வாய்மொழியாகவே பதிவானது, 1950களில் குழந்தையைக் குளிப்பாட்டி உணவூட்டிய தந்தை தன் காலத்துக்கு அபூர்வமான மனிதர், அவருடைய வீடும் மனைவியோடு அவருக்கிருந்த உறவும்கூட வேறு மாதிரி இருந்திருக்கும். பராமரிப்பில் இறங்கும் தந்தை, பரிவு என்பது பெண்களின் வேலை மட்டுமல்ல என்பதைச் சொல்லாமலேயே காட்டிவிடுகிறார் என்ற அளவில் அந்த முடிவை எடுத்துக்கொள்வது பொருந்தும்.

இரண்டு பேரையும் ஒரே அளவுகோலால் அளந்த ஆய்வு, இந்த விஷயத்தில் இன்னும் நம்பகமான விடை தருகிறது. சீனா, கென்யா, கொலம்பியா, ஜோர்தான், சுவீடன் உள்ளிட்ட ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,178 குடும்பங்களில், தாய், தந்தை, பிள்ளை ஆகிய மூவரிடமும் தகவல் திரட்டி, பிள்ளையின் ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயது வரை தொடர்ந்து நடந்த அந்த ஆய்வு 2018ல் வெளிவந்தது. பெற்றோர் பிள்ளையை மனதார ஏற்று அன்பு காட்டியது, பின்வந்த ஆண்டுகளில் பிள்ளையின் பிறர்நல நடத்தை கூடுவதை முன்னறிவித்தது. அந்தப் போக்கு தாய்க்கும் தந்தைக்கும் ஒன்றே, மகளுக்கும் மகனுக்கும் ஒன்றே, ஒன்பது நாடுகளிலும் ஒன்றே. தந்தைக்கென்று தனி ரகசியமும் தாய்க்கென்று தனி வரமும் அதில் இல்லை. தாய்மார்கள் உணர்ச்சிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் அதிகம் பேசுகிறார்கள், தந்தையர் உடலை முரட்டுத்தனமாக ஈடுபடுத்தும் விளையாட்டுகளில் அதிகம் இறங்குகிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். அந்தக் கட்டிப்புரளும் விளையாட்டிலும் எதிராளிக்கு வலித்ததும் நிறுத்து என்ற பாடம் வந்துவிடுகிறது. கடைசியில் குழந்தைக்குச் சென்றுசேரும் செய்தி ஒன்றுதான், வரும் வழிகள்தான் இரண்டு.

இந்தத் தொடர்புகளின் அளவையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெற்றோரின் குற்ற உணர்வை வளர்ப்பதற்கென்றே எழுதப்படுபவற்றில் அது வசதியாக விடுபட்டுப்போகிறது. வளர்ப்பு முறைக்கும் பரிவுக்கும் இடையே ஆய்வுகள் காட்டும் தொடர்பு பொதுவாகச் சிறியது. இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவு எண் (அதன் உச்சம் 1) 0.2 என்று வைத்துக்கொண்டால்கூட, பிள்ளைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 4 சதவீதத்தையே அது விளக்குகிறது. அதிலும், தாயே தன் வளர்ப்பைப் பற்றி ஒரு வினாத்தாளையும் பிள்ளையின் குணத்தைப் பற்றி இன்னொன்றையும் நிரப்பும்போது, இரண்டுக்கும் இடையே தெரியும் ஒற்றுமையில் ஒரு பங்கு அவருடைய அன்றைய மனநிலையைச் சேர்ந்தது. மேலும் செல்வாக்கு ஒருவழிப் பாதையும் அல்ல. சாந்தமான, சொன்னதும் புரிந்துகொள்ளும் குழந்தையிடம் பொறுமையாக விளக்குவது எவருக்கும் கைவரும். அடங்காத குழந்தை, பொறுமைசாலியின் கையையும் ஓங்கவைக்கும். ரிச்சர்ட் பெல் 1968லேயே இதை எடுத்துச்சொல்லி, பெற்றோர் பிள்ளையை வார்ப்பதாகப் படிக்கப்பட்ட முடிவுகள் பலவற்றைத் தலைகீழாகவும் படிக்கலாம் என்று காட்டினார்.

மரபணுவின் பங்கும் இருக்கிறது. பிரிட்டனின் இரட்டையர்களைக் கொண்டு ஆரியல் க்னாஃபோவும் ராபர்ட் ப்ளோமினும் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீட்டில் வளர்வதால் உடன்பிறந்தோர் பரிவில் ஒத்திருக்கும் அளவு, இரண்டு வயதில் வேறுபாட்டின் ஏறக்குறையப் பாதியை விளக்கியது. ஏழு வயதுக்குள் அது அநேகமாக மறைந்து, மரபின் பங்கு வளர்ந்திருந்தது. பெற்றோரால் பயனில்லை என்பது இதன் பொருளல்ல. ஒரே வளர்ப்பு இரண்டு குழந்தைகளை ஒரே மாதிரி ஆக்குவதில்லை என்பதே இதன் பொருள். ஒரே அதட்டலுக்கு மூத்தவள் நடுங்குவாள், இளையவன் சிரிப்பான்.

பெற்றோரைப் பார்த்துப் பிள்ளை கற்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எதைக் கற்கிறது என்பதில் 1970ல் ஜேம்ஸ் பிரையனும் நான்சி வால்பெக்கும் வெளியிட்ட சோதனை ஒரு சங்கடமான விவரத்தைச் சேர்த்தது. பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுத் தான் பகிராத ஒருவரைக் கண்ட குழந்தைகள், கொடுக்கும் விஷயத்தில் அவர் செய்ததைப் பின்பற்றினார்கள், பேசும் விஷயத்தில் அவர் சொன்னதைப் பின்பற்றினார்கள். அதாவது ஊருக்கு உபதேசம் செய்யும் பெரியவரிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது உபதேசம் செய்யும் கலையை. நாஜி ஆதிக்கத்திலிருந்த ஐரோப்பாவில் யூதர்களை மறைத்துவைத்துக் காப்பாற்றியவர்கள் 406 பேரை, அப்படிச் செய்யாதவர்களோடு ஒப்பிட்டு சாமுவேல் ஒலினரும் பேர்ல் ஒலினரும் 1988ல் வெளியிட்ட ஆய்வில், காப்பாற்றியவர்கள் தம் பெற்றோர் அடிப்பதைவிட விளக்கியே திருத்தியதாக அதிகம் நினைவுகூர்ந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து எழும் நினைவுக்கு மெருகேறியிருக்கும் என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன், இது ஹாஃப்மனின் முடிவோடு ஒரே கோட்டில்தான் நிற்கிறது.

கனிவாக நடக்கும் குழந்தைகள் எல்லோரும் கனிவாக வளர்க்கப்பட்டவர்களும் அல்லர். பெற்றோருக்கிடையே அடிக்கடி சண்டை நடக்கும் வீட்டில், ஒன்றிரண்டு வயதுக் குழந்தைகூட இருவருக்கும் நடுவே வந்து நிற்கப்பார்ப்பதை 1981ல் மார்க் கம்மிங்ஸும் குழுவினரும் பதிவுசெய்தார்கள். அம்மாவின் கண்ணீரைத் துடைக்கும் அந்தச் சிறு கையைப் பார்த்து, எவ்வளவு நல்ல பிள்ளை என்று பெருமைப்படுவதற்கு முன், அது வீட்டில் எத்தனை முறை கண்ணீர் துடைக்க வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். நல்லவனாக இருந்தால்தான் அன்பு கிடைக்கும் என்ற நிபந்தனையில் வளர்ந்தவர்களிடம் பின்னாளில் உதவும் பழக்கம் இருந்தாலும், அது பிறரின் தேவையைவிடத் தன் மதிப்பைக் காத்துக்கொள்வதை நோக்கியதாக இருக்கிறது என்று கை ரோத் 2008ல் வெளியிட்ட ஆய்வும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

பொம்மை பிடுங்கிய மூன்று வயதுக் குழந்தைக்குத் திரும்பி வரலாம். 'இப்போது என்ன செய்யலாம்?' என்று அப்பாவோ அம்மாவோ கேட்டதும், அது கொஞ்ச நேரம் கையிலிருந்த பொம்மையையே பார்க்கிறது. பிறகு அதை இறுக அணைத்துக்கொண்டு, கூடையில் கிடந்த வேறொரு பொம்மையை, சக்கரம் உடைந்த பழைய வண்டியை, எடுத்துவந்து அழும் குழந்தையின் மடியில் வைக்கிறது. தனக்கு வேண்டாததைத் தள்ளிவிடுகிறது என்று பெரியவருக்குச் சிரிப்பு வரலாம், கோபமும் வரலாம். ஆனால் அந்த வயதுக்கு இது கணிசமான வேலை: அழுகையைக் கவனித்திருக்கிறது, காரணத்தைத் தன்னோடு இணைத்திருக்கிறது, சரிசெய்ய ஏதோ ஒன்றைத் தேடிப்போயிருக்கிறது. அந்த நேரத்தில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் மிச்சமிருக்கிறது: 'அழுகை நின்றதா பார்.' குழந்தை திரும்பிப் பார்க்கும். நின்றிருக்காது.